உற்பத்திக்கு முந்தைய நாட்கள்

ஆசிரியர் என்னிடம் கேட்டது இரண்டு கவிதைத் தொகுதிகளைப் பற்றிய மதிப்புரை. ஏழு மாதமாக, அடுத்த இதழுக்கு நிச்சயம் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். மதிப்புரை இன்னும் தயாராகவில்லை. இடையில் என்னைப் பிடித்துக்கொண்ட வேறொரு விஷயத்தை எழுதித் தீர்த்தால்தான் அதற்குத் திரும்ப முடியும் என்று தோன்றுகிறது. 1880ஐ ஒட்டி, இன்றைய நீலகிரி மாவட்டத்தின் மேற்கு மூலையில் தங்கம் எடுக்கப் புறப்பட்ட கம்பெனிகளைப் பற்றியது அது. சரித்திரக்காரனாக அல்ல, வாசகனாகத்தான் இதற்குள் போனேன். போனதற்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பந்தலூரில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தராக மூன்று வருஷம் இருந்தேன். கூடலூரிலிருந்து தேவாலா வழியாகப் போனால் கேரள எல்லைக்குச் சற்று முன்னால் வருகிற ஊர். தேயிலை, மழை, அட்டை, பட்டா இல்லாத நிலம். ஜன்ம நிலங்களை ஒழிக்கும் சட்டம் 1969இல் வந்தும் அந்தத் தாலுகாவில் நிலம் யாருடையது என்ற கேள்வி முடியவில்லை. பட்டா இல்லையென்றால் நிலத்தின் பேரில் கடன் இல்லை. ஆகவே கிளையின் ஜீவனமே நகைக் கடன்தான். தோட்டத் தொழிலாளிப் பெண்கள் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது தாலிச் சங்கிலியும் கம்மலுமாக வருவார்கள். எங்கள் அப்ரைசர் உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, அதன்மேல் ஒரு சொட்டு ஆசிட் விட்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்து எடையைச் சொல்வார். நான் எழுதுவேன். நாள் முழுவதும் கிராம் கணக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்தான் என்னைத் தேவாலாவுக்குப் பக்கத்தில் ஒரு சரிவுக்கு அழைத்துப் போனார். பெரணிச் செடிகளுக்குப் பின்னால், ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு குகை வாய். உள்ளே முழங்கால் தண்ணீர். வாசலில் வெள்ளைவெள்ளையாகக் கல் உடைசல் கிடந்தது. "வெள்ளைக்காரன் போட்ட சுரங்கம் சார்" என்றார். ஒரு கல்லை எடுத்து, நாக்கில் எச்சில் தொட்டுத் தடவி, வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டுப் போட்டுவிட்டார். இருபது வருஷமாக மற்றவர்களுடைய தங்கத்தைப் பார்த்த கண். அந்தக் கல்லில் அது எதையும் காணவில்லை. அந்தப் பக்கத்துப் பழைய சுரங்கங்களில் இன்றும் சிலர் திருட்டுத்தனமாக இறங்குவதுண்டு. போலீஸ் பிடிப்பதும், மீண்டும் இறங்குவதுமாக அது நடந்துகொண்டிருக்கிறது.

மறுநாள் மேஜையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். அந்த நாளைய சுரங்கக்காரர்களின் அளவு பென்னிவெயிட். இருபது பென்னிவெயிட் ஒரு அவுன்ஸ். ஒரு பென்னிவெயிட் ஏறத்தாழ ஒன்றரை கிராம். வயநாட்டுக் கல்லை ஆலையில் இடித்துப் பார்த்தபோது டன்னுக்குச் சில பென்னிவெயிட்தான் வந்தது. பல இடங்களில் இரண்டு மூன்றுக்கு மேல் போகவில்லை. இரண்டு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு டன் கல்லைப் பெயர்த்து, சுமந்து, மாவாக இடித்து, பாதரசத்தில் சேர்த்துப் பிரித்தால் மூன்று கிராம். ஒரு சின்ன மோதிரம். ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண் காதிலிருந்து கழற்றி என் முன் வைக்கிற தோடு, எடையில் ஒரு டன் மலைக்குச் சமம்.

அந்த மண்ணில் தங்கம் உண்டு என்பது யாரும் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. குறும்பர்கள் முதலான அந்தக் காட்டு மக்கள் ஓடை மணலையும் மலைச் சரிவின் மண்ணையும் மரத்தட்டில் அலசித் தங்கம் எடுத்துவந்தார்கள். ஜன்மிக்குப் பங்கு கொடுத்ததுபோக, மிஞ்சியது ஒரு நாள் கூலி அளவுக்கு. கும்பினி அரசாங்கம் இதை மோப்பம் பிடித்து, 1831இல் நிக்கல்சன் என்ற லெப்டினன்டை அனுப்பி வயநாட்டிலும் நிலம்பூர்ப் பள்ளத்தாக்கிலும் தேடச் செய்தது. சில வருஷங்களில் இது கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டது. முதல் தீர்ப்பு அதுதான். தங்கம் உண்டு, லாபம் இல்லை. பிற்பாடு வந்தவர்கள் இந்தத் தீர்ப்பின் முதல் பாதியை மட்டும் வாசித்தார்கள்.

இப்படிப் பாதி வாசிப்பதற்கு அவர்களுக்குத் தேவை இருந்தது. வயநாடு அப்போது காபி நாடு. 1860களில் காபியின் பேரில் காடு அழித்து, பங்களா கட்டி, கடன் வாங்கிய துரைமார்கள் 1870களில் தண்டுதுளைப்பான் பூச்சியாலும், இலங்கையில் 1869இல் தலைகாட்டி இங்கேயும் பரவிய இலைநோயாலும் நொடிந்துபோயிருந்தார்கள். செடி செத்த தோட்டத்தை எவன் வாங்குவான்? தோட்டத்துக்கு அடியில் தங்கம் இருந்தால் வாங்குவான். 1874இல் ஆல்ஃபா என்ற பெயரில் ஒரு கம்பெனி தேவாலாவில் வேலை தொடங்கியது. பலன் பெரிதாக இல்லை. அடுத்த வருஷம் புவியியல் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் அந்தப் பகுதியைப் பார்த்து ஒரு குறிப்பு வெளியிட்டார். அதுவும் லண்டனை எழுப்பவில்லை. லண்டனை எழுப்ப வேறொரு குரல் தேவைப்பட்டது.

அந்தக் குரல் ராபர்ட் பிரௌ ஸ்மித். ஆஸ்திரேலியாவில் விக்டோரியாவின் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்தவர். விக்டோரியாத் தங்க வயல்களைப் பற்றி 1869இல் அவர் எழுதிய பெரிய நூல் அந்தத் துறையில் பிரமாணம். 1878இல் அங்கத்திய ஆதிவாசிகளைப் பற்றி இரண்டு தொகுதிகள் கொண்டுவந்தவரும் அவரே. கீழே வேலை பார்த்தவர்களைக் கொடுமைப்படுத்தினார் என்ற புகாரின் மேல் 1876இல் விசாரணை நடந்து பதவி விலகினார். (எழுத்தன் என்ற முறையில் இந்தத் தகவலில் எனக்கு ஒரு சில்லறைத் திருப்தி உண்டு, வாதத்துக்கு இது அவசியமில்லை.) 1879இல் இந்திய அரசாங்கம் அவரை அழைத்தது. தென்கிழக்கு வயநாட்டைச் சுற்றிப் பார்த்தார். பாறையில் ஓடும் வெள்ளைக்கல் ரேகைகளை, அவர்கள் ரீஃப் என்று சொல்வதை, ஒன்றுவிடாமல் குறித்தார். சாம்பிள் எடுத்தார். அவருடைய அறிக்கை 1880இல் வெளிவந்தது.

அவர் பொய் சொன்னார் என்பதற்கு ஆதாரம் எதையும் நான் பார்க்கவில்லை. அவர் ஒரு நம்பிக்கைவாதி; வாழ்நாளில் தங்கம் கிடைத்த ஒரு தேசத்திலிருந்து வந்தவர். அவர் சாம்பிள் எடுத்தது பெரும்பாலும் மேல்மட்டக் கல். மேல்மட்டம் ஏமாற்றும். யுகக்கணக்கான மழையில் கல்லிலுள்ள கந்தகச் சேர்க்கைகள் அரித்துப்போய், தங்கம் விடுபட்டு, மேலே திரண்டு நிற்கிறது. கீழே போகப்போக அது மாக்கல் என்று நம் ஊரில் யாரும் சொல்லாத, பொன்னைப்போல் மின்னுகிற பைரைட்ஸ் கனிமத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. பாதரசம் அதைத் தொடாது. சயனைடு முறை கண்டுபிடிக்கப்பட்டது 1887இல்தான். ஆக, 1880இல் அவர் கையில் எடுத்த கல்லில் இருந்தது உண்மையான தங்கம். அதிலிருந்து எடுத்த அனுமானம்தான் பிசகு. இதைவிட முக்கியமானது இன்னொன்று. மலை முழுக்கப் பழைய குழிகள் இருந்தன. முன்னோர்கள் இத்தனை தோண்டியிருக்கிறார்கள் என்றால் எத்தனை தங்கம் இருந்திருக்க வேண்டும் என்று அந்தக் குழிகள் சாட்சிக்கு அழைக்கப்பட்டன. எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பதற்கும் அவையே சாட்சி என்பது சட்டென்று யாருக்கும் தோன்றவில்லை. மரத்தட்டுக்காரனுடைய ஞானத்தில் தங்கம் உண்டு என்பதை எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் கூலி அளவுக்குத்தான் என்பதை விட்டுவிட்டார்கள்.

லண்டனில் பணம் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தது. சட்டபூர்வமாக வரையறுக்கப்பட்ட பொறுப்பு வந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. போட்ட பணத்துக்கு மேல் போகாது என்ற தைரியத்தில் பாதிரியும் விதவையும் ஓய்வுபெற்ற கர்னலும் பங்கு வாங்கக்கூடிய காலம். 1879க்கும் 1882க்கும் இடையில் வயநாட்டின் பேரில் முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தொடங்கப்பட்டன. காகிதத்தில் அவற்றின் மூலதனம் நாற்பது லட்சம் பவுனுக்கும் மேல். டேவாலா மோயார், பீனிக்ஸ், இண்டியன் கிளென்ராக் என்று பெயர்கள். இதில் பெரும் பகுதி சுரங்கத்துக்குப் போகவில்லை. செத்த காபித் தோட்டங்களை வாய்க்கு வந்த விலைக்கு வாங்கப் போயிற்று. தோட்டத்தை விற்றவர், விற்க வைத்தவர், கம்பெனியைக் கட்டியவர் என்று மூன்று கை மாறி, கடைசியில் பாறையை வந்தடைந்தது மிச்சம்.

நாம் தங்கத்தை அளக்கிற பவுன் என்ற சொல் அந்த இங்கிலீஷ் நாணயத்திலிருந்து வந்ததுதான். ஒரு சாவரின் நாணயம் எட்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் சொக்கத் தங்கம் ஏழேகால் கிராம் சொச்சம். நாற்பது லட்சம் பவுன் என்பது, காகிதத்தில்தான் என்றாலும், இருபத்தொன்பது டன் தங்கம். அதைத் திருப்பி எடுக்க மட்டும், டன்னுக்கு மூன்று கிராம் வீதம், ஏறத்தாழ ஒரு கோடி டன் கல்லை இடிக்க வேண்டும். கூலி, விறகு, பாதரசம், மானேஜர் சம்பளம் எல்லாம் இனாம் என்று வைத்துக்கொண்டால்!

இந்தக் கணக்கை யாராவது அன்றைக்கே போட்டிருக்க முடியாதா என்று கேட்கலாம். முடியாது. டன்னுக்கு மூன்று கிராம் என்பது ஆலை ஓடிய பிறகு தெரிந்த எண். ஆலை ஓடுவதற்கு முந்தைய நாட்களில் அந்த இடத்தில் எண்ணே கிடையாது; ஒரு சாம்பிளும் ஒரு வினைச்சொல்லும்தான் இருந்தன. எனக்கு இதில் அக்கறை பிறந்தது இந்த இடத்தில்தான். தேடிக்கொண்டிருக்கிற கம்பெனியின் பங்கை வாங்குகிறவன் சூதாடுகிறான் என்று அவனுக்கே தெரியும். தங்கம் எடுத்துக்கொண்டிருக்கிற கம்பெனியின் பங்கை வாங்குகிறவன் வட்டி வாங்குகிறவனைப் போன்றவன். இடையில், தேடல் முடிந்து உற்பத்தி தொடங்காத ஒரு காலம் இருக்கிறது. இயந்திரங்கள் கப்பலில் ஏறிவிட்டன, பாதை போட்டாகிவிட்டது, மழை நின்றதும் பொருத்த வேண்டியதுதான். இந்தக் காலத்தில்தான் நம்பிக்கை உச்சத்தில் நிற்கிறது. நடப்பதெல்லாம் நிஜமாகவே நடக்கிறது என்பது காரணம். இரும்பு உலக்கைகள் நிஜம், மாட்டு வண்டிகள் நிஜம், எஞ்சினியரின் கடிதம் நிஜம். இத்தனை நிஜங்களின் முடிவில் வருவது மட்டும் எப்படிப் பொய்யாகும்?

இந்த மனோபாவத்துக்கு ஒரு இலக்கணம் உண்டு. 'எதிர்பார்க்கப்படுகிறது' என்ற வினையைப் பாருங்கள். எழுவாய் இல்லை. யார் எதிர்பார்க்கிறார்கள்? டைரக்டர்களா, எஞ்சினியரா, பங்குதாரரா, பாறையா? யாரும் பொறுப்பேற்காத ஒரு ஆசை, இயற்கை நிகழ்ச்சியைப்போல் சொல்லப்படுகிறது. இன்று மாலை மழை பெய்யக்கூடும் என்பதுபோல. நிகழ்காலத்தில் நின்றுகொண்டு எதிர்காலத்தைச் செலவழிக்கிற வாக்கியம். ட்ராலப் 1875இல் வெளியிட்ட 'தி வே வி லிவ் நௌ' நாவலில், போடப்படாத ஒரு மெக்ஸிகோ ரயில் பாதையின் பங்குகள் லண்டனில் விலைபோகின்றன. பாதை போட வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் பிரதானமில்லை. ட்ராலப் பார்த்தது மோசடியை. வயநாட்டு விவகாரம் அதைவிடச் சங்கடமானது, ஏனெனில் இங்கே பலர் உண்மையிலேயே ஆலையைக் கொண்டுவந்து மலையில் பொருத்தினார்கள். 1997இல் இந்தோனேஷியாவின் புஸாங்கில் பிரி-எக்ஸ் என்ற கனடாக் கம்பெனி சாம்பிளில் வெளித் தங்கத் தூளைக் கலந்து உலகத்தை ஏமாற்றியது அம்பலமானபோது கேள்வி எளிதாக முடிந்துவிட்டது: திருடன். திருடன் இல்லாத இடத்தில் என்ன சொல்வது?

(சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இந்த வினைச்சொல் பழக்கமானதுதான். 'விரைவில் வெளிவருகிறது' என்று பின்னட்டையில் நான்கு வருஷமாக அறிவிக்கப்படும் நாவல்களை நாம் எத்தனை மரியாதையோடு பேசுகிறோம். வந்த பிறகு அந்த மரியாதை நிற்பதில்லை.)

பந்தலூருக்கு அந்த இரண்டு மூன்று வருஷம் ஒரு வாழ்வு வந்தது. ஓட்டல் வந்தது, கடைகள் வந்தன, குதிரைப் பந்தயத் திடல்கூட வந்தது. 1908இல் ஃபிரான்சிஸ் நீலகிரி கெஜட்டியரை எழுதும்போது அது ஏற்கெனவே கிழவர்கள் சொல்லும் கதையாகிவிட்டிருந்தது. வயநாட்டு மழையும் மலேரியாவும் வந்தவர்களைப் பதம் பார்த்தன. ஆலைகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. அவுன்ஸ் கணக்கில் எதிர்பார்த்த இடத்தில் பென்னிவெயிட் வந்தது. 1882க்குள் விலைகள் விழுந்துவிட்டன. உற்பத்தி தொடங்கியதுதான் அந்தக் கம்பெனிகளைக் கொன்றது. கொண்டுவந்த இயந்திரங்களைத் திருப்பிக் கொண்டுபோகும் செலவுக்கு அவை பெறவில்லை, காட்டிலேயே விடப்பட்டன. ஹேடன், ஹாட்ச் இருவரும் புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடியும் சாம்பிள் எடுத்துப் பார்த்து, இந்த வயலுக்கு உயிரில்லை என்ற முடிவுக்கே வந்தார்கள். பிரௌ ஸ்மித் 1889இல் இறந்தார். தோட்டங்களில் பிறகு தேயிலை வந்தது. 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அந்தத் தேயிலைக்கு வந்தார்கள். என் கவுண்டருக்கு எதிரில் நின்ற பெண்களில் பலர் அவர்களுடைய பேத்திகள்.

இத்தோடு நிறுத்தினால் இது ஒரு நீதிக் கதை. பேராசைப்பட்டார்கள், கெட்டார்கள். இப்படித்தான் இது சொல்லப்பட்டும் வந்திருக்கிறது. ஆனால் அதே வருஷங்களில், ரயிலில் ஒரு நாள் தொலைவில், கோலார் இருந்தது.

கோலார் விஷயத்தில் பழைய வாசகம் ஜான் வாரன் என்ற லெப்டினன்டுடையது. 1802இல் சர்வே செய்ய வந்தபோது மாரிக்குப்பம் பக்கத்தில் கிராமத்தார் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். நியூஸிலாந்துப் போரில் இருந்துவிட்டு வந்த லவெல் என்ற ஐரிஷ்காரர் அதைப் படித்துவிட்டு, 1875இல் மைசூர் அரசாங்கத்திடம் தோண்டும் உரிமை வாங்கினார். அவரிடம் பணம் இல்லை, உரிமை கைமாறியது. 1880இல் மைசூர் கோல்டு மைனிங் கம்பெனி லண்டனில் தொடங்கப்பட்டது; நிர்வாகம் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். அதாவது வயநாட்டுக் கம்பெனிகள் பிறந்த அதே வருஷம், அதே சந்தை, அதே வகை மனிதர்கள், அதே வினைச்சொல். இங்கேயும் பழைய குழிகள் இருந்தன. இங்கேயும் முதல் மூன்று வருஷம் ஒன்றும் வரவில்லை. 1883, 84 வாக்கில் மூலதனத்தின் பெரும் பகுதி கரைந்து, பங்கின் விலை கேட்பாரற்றுப் போயிருந்தது. வயநாட்டின் சாவு எல்லோருக்கும் தெரிந்திருந்த நேரம் அது. மிச்சமிருப்பதைப் பங்கிட்டுக்கொண்டு கலைந்துவிடலாம் என்பதுதான் புத்தியுள்ள பேச்சு. டெய்லர்கள் இன்னும் கொஞ்சம் தோண்டலாம் என்றார்கள். பிளம்மர் என்ற காப்டன் பழைய குழிகளுக்கு அடியிலேயே இறங்கினார். அங்கே சாம்பியன் ரேகை இருந்தது. 1885லிருந்து உற்பத்தி.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து அங்கே மின்சாரம் போயிற்று. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். 2001 பிப்ரவரி 28இல் மூடும்வரை ஏறத்தாழ 800 டன் தங்கம் வந்தது. இறங்கியவர்களில் பெரும்பாலானவர்கள் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள், அவர்களிலும் தாழ்த்தப்பட்டவர்கள். பாறை வெடித்தும், கல் தூசு நுரையீரலில் இறுகியும் செத்தவர்கள். அயோத்திதாசரின் 'தமிழன்' பத்திரிகை 1907இல் தொடங்கியபோது, அதை வாசித்தவர்களும் தாங்கியவர்களும் மாரிக்குப்பத்தில்தான் கணிசமாக இருந்தார்கள். பங்குதாரரின் நம்பிக்கை என்கிற விஷயத்தில் இவர்களுக்குப் பாத்திரமே இல்லை. இவர்களுக்கு எல்லா நாளும் உற்பத்தி நாள்.

என்னுடைய சிக்கல் இதுதான். 1883இல் ஒருவன் மைசூர் கம்பெனியின் அறிக்கையையும் ஒரு வயநாட்டுக் கம்பெனியின் அறிக்கையையும் அருகருகே வைத்து வாசித்திருந்தால், நடையை வைத்து எது உயிர், எது பிணம் என்று சொல்லியிருக்க முடியுமா? நான் விமர்சகன் என்று சொல்லிக்கொள்கிறவன். வாக்கியத்தை அழுத்திப் பார்த்தால் பொய் தெரிந்துவிடும் என்பது என் தொழிலின் ஆதார நம்பிக்கை. இங்கே அது செல்லவில்லை. பழைய குழி ஒரு மலையில் காலிப் பாத்திரம். இன்னொரு மைதானத்தில் அம்புக்குறி. அதே குறி, அதே சொல். வயநாட்டுக்காரனை முட்டாள் என்றும் டெய்லரை விடாமுயற்சிக்காரர் என்றும் சொல்லும் உரிமையை நமக்குக் கொடுத்தது பாறை. புத்தியில் அவர்களுக்குள் வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. கான்ராடை நினைத்துக்கொள்கிறேன். 1890களின் நடுவில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கப் பங்குகளில் கைப்பணத்தை இழந்தவர் அவர். 1904இல் அவர் எழுதிய 'நாஸ்ட்ரோமோ'வில் சுரங்கம் தோற்கவில்லை. வெள்ளி கொட்டுகிறது, அதனால்தான் மனிதர்கள் பாழாகிறார்கள். பணத்தை இழந்தவன் தோல்வியைப் பற்றி எழுதாமல் வெற்றியைப் பற்றி எழுதியது எனக்கு நீண்ட நாள் புரியாமல் இருந்தது.

இப்போது சொந்தக் காரணம். கிளையில் ஹெட் கேஷியராக இருந்தவர் பங்குச் சந்தையில் புழங்குகிறவர். வேறொரு மாநிலத்தில் ஒரு சிறிய தங்கச் சுரங்கக் கம்பெனி உற்பத்தியை நெருங்கிவிட்டது என்று சொன்னார். பெயர் வேண்டாம், பெயர் சொன்னால் யாராவது வாங்குவார்கள், அல்லது விற்பார்கள். கிளை முழுக்க இதே பேச்சாக இருந்தது. கம்பெனியின் அறிக்கைகளை நான் வாசித்தேன். வயநாட்டைப் பற்றிப் படித்து முடித்து, 'எதிர்பார்க்கப்படுகிறது' பற்றி நோட்டில் இரண்டு பக்கம் எழுதி வைத்த பிறகு வாசித்தேன் என்பதைக் குறிப்பிட வேண்டும். எல்லாம் அதில் இருந்தது. ஆலைப் பணி முடிவடையும் நிலையில் இருக்கிறது. அனுமதிகள் கிடைத்துவிட்டன, ஒன்று பாக்கி. மழைக்குப் பிறகு.

வாங்கினேன். மனைவியின் இரண்டு வளையல்களை எங்கள் கிளையிலேயே என் பெயரில் அடகு வைத்து வாங்கினேன். அவளுடைய அம்மா போட்டவை. "தங்கத்த அடகு வெச்சுத் தங்கம் வாங்கறீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கழற்றிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்ரைசர் தேய்த்துப் பார்த்து, முப்பத்திரண்டு கிராம் என்றார். நானே ரசீது எழுதி, கடன் வாங்குபவர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன்.

தெரிந்தே செய்தது என்று சொன்னால் பெருமைபோலத் தொனிக்கும். உண்மை வேறு. என் வயநாட்டுப் படிப்புதான் என்னை வாங்க வைத்தது. டன்னுக்கு மூன்று கிராம் என்பது 1882இல் சாவு. இன்று திறந்தவெளியில் வெட்டி, சயனைடில் கரைக்கிற காலத்தில், டன்னுக்கு ஒரு கிராம் ஒன்றரை கிராமில்கூடப் பெரிய சுரங்கங்கள் உலகத்தில் லாபத்தோடு ஓடுகின்றன. இவர்களுடைய கல்லில் அதற்கு மேலேயே இருக்கிறது என்று அறிக்கை சொன்னது. வயநாட்டுக்காரர்கள் காலத்தால்தான் தோற்றார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிரௌ ஸ்மித் விக்டோரியாவை வைத்து வயநாட்டை வாசித்ததுபோல நான் வயநாட்டை வைத்து இதை வாசித்தேன். சரித்திரம் தெரியாதவனுக்கு ஒரு நம்பிக்கைதான். எனக்கு அதற்கு மேல் ஆதாரமும் இருந்தது.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. வணிக உற்பத்தி நான்கு முறை தள்ளிப்போடப்பட்டது. ஒவ்வொரு முறையும் காரணம் நியாயமானது. சோதனை ஓட்டம் நடந்தது என்று ஒரு முறை அறிவித்தார்கள். விலை இரண்டு நாள் ஏறி இறங்கியது. ஹெட் கேஷியர் அந்த இரண்டு நாளில் விற்றுவிட்டார். எனக்கு போன் செய்து சொல்லவும் செய்தார். நான் விற்கவில்லை. அன்றைக்கு என் மனதில் ஓடியது 1884இல் லண்டனில் கூடிய அந்தப் பங்குதாரர் கூட்டம். கலைந்துவிடலாம் என்று கை தூக்கியவர்கள்.

நான் இப்போது சமவெளியில் வேறு கிளையில் இருக்கிறேன். வளையல்கள் இன்னும் பந்தலூர் லாக்கரில்தான். போன மாதம் கடனைப் புதுப்பிக்கப் போனேன். புதுப்பிக்கும்போது மறுபடியும் எடை பார்க்க வேண்டும் என்பது விதி. அதே அப்ரைசர். உறையைப் பிரித்து, கல்லில் மறுபடி ஒரு கோடு இழுத்தார். முப்பத்திரண்டு கிராம். வயநாட்டுக் கல்லில் என்றால் பத்து டன். ஒரு லாரி லோடு. "எடுத்துட்டுப் போயிடலாமே சார், வட்டிதான் ஏறுது" என்றார். ஆறு மாதத்துக்குப் போட்டேன். வெளியே மழை விட்டிருந்தது. தேவாலா பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் அவருடன் டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன்.